ஒரே மாடி, ஒரே அளவு பிளாட், கிழமைக்கு 18 பவுண் வித்தியாசம்: கவுன்சில் வாடகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வன்னிமரம்
2025 மார்ச் 9

வணக்கம். லண்டன் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வாடகை விஷயம் தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விளக்குவீங்களா? கடிதம் வாசிச்சுக் குடுக்கிற எங்கட உதவி மேசைக்கு வந்த ஒரு குடும்பத்துக்காகக் கேக்கிறன்.

தாய், 9 வயது மகன், 6 வயது மகள். போன நவம்பரில இரண்டு பெட்ரூம் கவுன்சில் பிளாட் கிடைச்சது. தாய் பகுதிநேர வேலை, மிச்சத்துக்கு யூனிவர்சல் கிரெடிட் (குறைஞ்ச வருமானக்காரருக்கு அரசாங்கம் குடுக்கிற மாதக் காசு). இப்ப கிழமை வாடகை 142.56 பவுண். ஏப்ரல் 7இல இருந்து 146.41 எண்டு கடிதம் வந்திருக்கு. அதுக்கு மேல சேர்விஸ் சார்ஜ் 22.40: பொது இடத் துப்புரவு 4.20, லிஃப்ட் 2.10, பொது இட வெளிச்சம் 1.30, வீட்டுக்குள்ள வாற ஹீட்டிங்கும் சுடுதண்ணியும் 14.80.

அதே மாடியில, அதே அளவு பிளாட்டில, 90களில இருந்து இருக்கிற ஒரு பென்ஷன்காரருக்கு ஏப்ரலில இருந்து வாடகை 127.98 மட்டும்தான். சேர்விஸ் சார்ஜ் இரண்டு பேருக்கும் ஒண்டுதான்.

இந்த 18.43 பவுண் வித்தியாசம் எங்க இருந்து வருது, கவுன்சில் அப்பிடிச் செய்யலாமா? தாய் வேலை நேரத்தைக் கூட்டினா வாடகையும் கூடுமோ எண்டு பயப்பிடுறா, அது உண்மையா? யூனிவர்சல் கிரெடிட்டில வாற வாடகைப் பங்கும் அவ கட்டுறதும் ஒத்துவரேல்லை, அது ஏன்? பிழை இருந்தா ஆரிட்டைப் போறது?


ஏட்டுக்கணக்கு
2025 மார்ச் 9

முதலில் அந்தப் பயத்தைப் போக்குவோம். இங்கிலாந்தில் கவுன்சில் வாடகை வீட்டுக்குத்தான் போடப்படுகிறது, ஆளின் சம்பளத்துக்கு அல்ல. தாய் வேலை நேரத்தைக் கூட்டினால் வாடகை ஒரு பென்னியும் ஏறாது. குறைவது யூனிவர்சல் கிரெடிட். அதுவும் முழுதாகக் குறையாது. பிள்ளைகள் உள்ள, வாடகை உதவியும் பெறும் குடும்பத்துக்கு 2025-26இல் மாதச் சம்பளத்தில் முதல் 411 பவுணைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் கைக்கு வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 60,000 பவுணைத் தாண்டினால் கவுன்சில் விரும்பினால் கூடிய வாடகை கேட்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. இந்தக் குடும்பம் அதன் பக்கமே போகவில்லை.

இனி வாடகை. அந்தத் தாயின் ரெனன்சி (வாடகைக் குடியிருப்பு) ஒப்பந்தத்தில் 'சோஷியல் ரென்ட்' என்று இருக்கிறதா, 'அஃபோர்டபிள் ரென்ட்' என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு உலகம். அஃபோர்டபிள் ரென்ட் என்றால் அந்த வீட்டின் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம், சேர்விஸ் சார்ஜும் அந்த 80க்குள் அடங்கவேண்டும். லண்டனில் 146 பவுணுக்கு அது நடக்காது. ஆகவே இது சோஷியல் ரென்ட் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சோஷியல் ரென்டுக்கு அடிப்படை 'ஃபார்முலா ரென்ட்'. இது 2000ஆம் ஆண்டு ஏப்ரல் விலையில் நிற்கும் ஒரு கணக்கு. இங்கிலாந்தின் அன்றைய சராசரி கிழமை வாடகை 54.62 பவுண். அதில் 70 சதவீதத்தை எடுத்து, உங்கள் மாவட்டத்தின் உடலுழைப்புத் தொழிலாளர் சராசரிச் சம்பளத்தை நாட்டுச் சராசரியான 316.40ஆல் வகுத்து வருவதால் பெருக்கவேண்டும். பிறகு பெட்ரூம் எடையால் பெருக்கவேண்டும்: பெட்சிட் (ஒற்றை அறை வீடு) 0.80, ஒரு பெட்ரூம் 0.90, இரண்டு 1.00, மூன்று 1.05, நான்கு 1.10. மீதி 30 சதவீதத்தை, அந்த வீட்டுக்கு 1999 ஜனவரியில் இருந்த விலையை 49,750ஆல் வகுத்து வருவதால் பெருக்கவேண்டும். இரண்டையும் கூட்டினால் 2000ஆம் ஆண்டின் ஃபார்முலா ரென்ட்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை வீடு. மாவட்டச் சம்பளம் நாட்டுச் சராசரியே, மூன்று பெட்ரூம், 1999 விலை 60,000 பவுண். முதல் பங்கு 38.234 × 1 × 1.05 = 40.15. இரண்டாம் பங்கு 16.386 × 60,000 ÷ 49,750 = 19.76. மொத்தம் 59.91.

இதை ஆண்டாண்டாக இன்றைய விலைக்கு ஏற்றவேண்டும். 2014-15 வரை ஆர்.பி.ஐ. என்ற பழைய விலைவாசிக் குறியீட்டோடு பொதுவாக அரை சதவீதம் சேர்த்தார்கள். 2015-16இல் சி.பி.ஐ. குறியீட்டோடு 1 சதவீதம். 2016 முதல் நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 1 சதவீதம் குறைத்தார்கள். 2020 முதல் மறுபடி சி.பி.ஐ.யோடு 1. எந்த ஆண்டுக்கும் அதற்கு முந்தைய செப்டெம்பர் மாதக் குறியீட்டைத்தான் எடுப்பார்கள். அண்மை ஆண்டுகள்: 2020-21இல் 2.7, பிறகு 1.5, 4.1, 11.1, 7.7, இப்போது வரும் 2025-26க்கு 2.7. இவை எல்லாவற்றையும் பெருக்கினால் 2000ஆம் ஆண்டின் ஒரு பவுண் 2025-26இல் ஏறத்தாழ 2.13 பவுண். கற்பனை வீட்டின் ஃபார்முலா ரென்ட் கிழமைக்கு 128 பவுண் அளவில் வரும்.

இந்தக் கணக்கில் எது வாடகையை அசைக்கிறது என்பதைக் கவனியுங்கள். மூன்று பெட்ரூமுக்குப் பதிலாக இரண்டு என்று போட்டால் இன்றைய விலையில் கிழமைக்கு 4 பவுண்தான் குறையும். ஆனால் 1999 விலையில் 10,000 பவுண் பிழை இருந்தால் கிழமைக்கு 7 பவுண், ஆண்டுக்கு 365 பவுண். எல்லோரும் பெட்ரூம் எண்ணிக்கையைப் பற்றித்தான் சண்டை பிடிப்பார்கள். பெரிய பிழை பெரும்பாலும் அந்தப் பழைய விலையில்தான் ஒளிந்திருக்கும். 1999இல் கவுன்சில்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக விலை மதிக்கவில்லை. ஒரு மாதிரி வீட்டை மதித்து அதே வகை வீடுகளுக்கெல்லாம் அதையே போட்டார்கள். கீழே உள்ள இரண்டு தள வீடான மெசொனெட்டின் விலை மேல்மாடிப் பிளாட்டுக்குப் போயிருக்கலாம்.

ஃபார்முலா ரென்டுக்கு மேல் 5 சதவீதம் வரை சேர்க்கக் கவுன்சிலுக்கு இடமிருக்கிறது. பராமரிப்போடு கூடிய சிறப்பு வீடுகளுக்கு அது 10 சதவீதம். ஆனால் ஏன் சேர்க்கிறோம் என்பதற்கு உள்ளூர் நிலைமையையும் மக்களின் வசதியையும் பார்த்துத் தெளிவான காரணம் வைத்திருக்கவேண்டும்.

கவுன்சிலிடம் எழுத்தில் நான்கே நான்கு எண் கேளுங்கள்: இந்த வீட்டின் 2025-26 ஃபார்முலா ரென்ட், 1999 ஜனவரி விலை, கணக்கில் எடுத்த பெட்ரூம் எண்ணிக்கை, ஃபார்முலாவுக்கு மேல் சேர்த்த சதவீதம். 'வாடகை சரியா?' என்று கேட்டால் 'சரி' என்று ஒரு வரிப் பதில்தான் வரும்.


ஸ்காபரோ வாசகன்
2025 மார்ச் 10

அந்தத் தாயின் பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு விளங்குகிறது. ஒன்ராறியோவில் மானிய வீட்டு வாடகை வருமானத்தோடுதான் ஓடும்: வரிக் கணக்கில் வரும் குடும்ப நிகர வருமானத்தில் 30 சதவீதம். வரி ஃபைல் பண்ணாவிட்டால் மானியமே போய்விடும். பிள்ளை முழுநேரம் படித்தால் அவர் உழைப்பது கணக்கில் வராது. ரொறொன்ரோவில் உள்ள சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு லண்டனில் வேலை நேரத்தைக் கூட்டாமல் விடவேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள். இரண்டு நாட்டு முறையும் அடியிலிருந்தே வேறு.


நீலாம்பரி
2025 மார்ச் 10

வாடகைக் கணக்கைத் தம்பி ஏட்டுக்கணக்கு நன்றாக எழுதிவிட்டார். நான் யூனிவர்சல் கிரெடிட் பக்கத்தை மட்டும் பார்க்கிறேன்.

நீங்கள் கொடுத்த சேர்விஸ் சார்ஜில் துப்புரவு, லிஃப்ட், பொது வெளிச்சம் மூன்றும் ஏற்றுக்கொள்ளப்படும். கூட்டினால் 7.60. வீட்டுக்குள் வரும் ஹீட்டிங், சுடுதண்ணீர் 14.80ஐ அவர்கள் தரமாட்டார்கள், அது சொந்தச் செலவு என்று சட்டம். ஆகவே கணக்கு: 146.41 + 7.60 = 154.01. இதை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் மாதம் 667.38. கவுன்சிலுக்குத் தாய் கட்டவேண்டியது 168.81 × 52 ÷ 12 = 731.51. இடையில் உள்ள 64.13 பவுண்தான் நீங்கள் சொன்ன 'ஒத்துவராத' பங்கு. அது முழுவதும் ஹீட்டிங் காசு. பிழை இல்லை. ஆனால் முதல் நாளே ஒருவரும் இதைச் சொல்லாமல் விடுவதால்தான் ஆறு மாதத்தில் நானூறு பவுண் கடன் நிற்கிறது. மாதாமாதம் தானாகப் போகும் கட்டளைத் தொகையைப் பாங்கில் 731.51க்குப் போடச் சொல்லுங்கள், 667க்கு அல்ல.

இதே நேரத்தில் இன்னொரு குழி இருக்கிறது. 2024-25 வாடகை ஆண்டு பல கவுன்சில்களில் 2024 ஏப்ரல் 1 திங்கள் தொடங்கி 2025 ஏப்ரல் 6 ஞாயிறு முடிகிறது. எண்ணிப் பாருங்கள், 53 கிழமை. யூனிவர்சல் கிரெடிட் எப்போதும் 52ஆல்தான் பெருக்கும். மார்ச் 31 திங்களன்று ஏறும் 53ஆவது கிழமை வாடகைக்கு ஒருவரும் காசு தரமாட்டார்கள். ஏப்ரல் கணக்குத் தாளில் ஒரு கிழமை வாடகை கடனாக நின்றால் அது இதுதான். கவுன்சிலிடம் பேசி மூன்று நான்கு மாதத்தில் பிரித்துக் கட்டக் கேட்கலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சில கவுன்சில்களில் ஆண்டுக்கு இரண்டு அல்லது நான்கு கிழமை வாடகை இல்லை. அங்கே 52இல் அதைக் கழித்து 50 அல்லது 48ஆல் பெருக்கி 12ஆல் வகுப்பார்கள். கடிதத்தில் 'ரென்ட் ஃப்ரீ வீக்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் அதைப் படிவத்தில் போடாவிட்டால் கூடுதல் காசு வந்து பிறகு திருப்பிக் கட்டவேண்டி வரும்.

மிக முக்கியமானது, ஏப்ரல் வாடகை உயர்வை யூனிவர்சல் கிரெடிட்டுக்குத் தாயே சொல்லவேண்டும். ஜேர்னலில் (அவருடைய யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில்) ஒரு 'டு டூ', அதாவது செய்யவேண்டிய வேலை, வரும். அதை ஏப்ரல் 7க்கு முன்னர் போடவேண்டாம், உயர்வு நடைமுறைக்கு வந்த பிறகுதான் ஏற்பார்கள். அதே மதிப்பீட்டுக் காலம் (யூனிவர்சல் கிரெடிட் கணக்குப் பார்க்கும் மாதம்) முடிவதற்குள் போட்டுவிடவேண்டும். உதாரணத்துக்கு அவருடைய காலம் மார்ச் 20 முதல் ஏப்ரல் 19 வரை என்றால், ஏப்ரல் 7க்கும் 19க்கும் இடையில் போட்டால் அந்த முழு மாதத்துக்கும் புதிய வாடகை கிடைக்கும். 20ஆம் திகதி போட்டால் முந்தைய மாதப் பங்கு போய்விடும், தகுந்த காரணம் காட்டினால் தவிர. வாடகை, சேர்விஸ் சார்ஜ் இரண்டையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். மொத்தமாக 168.81 என்று வாடகைப் பெட்டியில் போடுவதுதான் நான் அடிக்கடி திருத்துகிற பிழை. கவுன்சில் கொடுக்கும் எண்ணோடு அது ஒத்துவராமல் காசு மறித்து நிற்கும்.

பெட்ரூம் டாக்ஸ், அதாவது தேவைக்கு மேல் அறை இருந்தால் வாடகை உதவியைக் குறைப்பது, இவர்களுக்கு வராது. 10 வயதுக்குக் கீழ் ஆணும் பெண்ணும் ஒரு அறையில் இருக்கலாம் என்று கணக்கு, தாய்க்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று. மகனுக்கு 10 வயது வந்ததும் இவர்களுக்கு மூன்று அறைக்குத் தகுதி வரும். அந்த மாதமே ஹவுசிங் ரெஜிஸ்டரில் (கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில்) விண்ணப்பத்தை மாற்றச் சொல்லுங்கள்.


வன்னிமரம்
2025 மார்ச் 21

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. 53ஆவது கிழமை விஷயம் எங்கட மேசையில ஒருத்தருக்கும் தெரியாது. இந்தக் கிழமையே மற்றக் குடும்பங்களுக்கும் சொல்லுறம்.

கவுன்சில் பதில் போட்டுட்டுது. ஒப்பந்தத்தில சோஷியல் ரென்ட் எண்டுதான் இருக்கு. இந்தப் பிளாட்டின்ர 2025-26 ஃபார்முலா ரென்ட் 139.44. இரண்டு பெட்ரூம். மேல 5 சதவீதம் சேர்த்திருக்காம், 'புதிதாக விடப்படும் எல்லா வீடுகளுக்கும்' எண்டு எழுதியிருக்கினம். பென்ஷன்காரரும் தன்ரதைக் கேட்டு எடுத்தவர். அவரின்ர பிளாட்டுக்கும் ஃபார்முலா ரென்ட் 139.44, 1999 விலையும் ஒண்டுதான். அப்ப எப்பிடி அண்ணா 127.98?


ஏட்டுக்கணக்கு
2025 மார்ச் 21

இந்த இரண்டு தாளும் கையில் இருப்பதால் 18.43ஐ மூன்று துண்டாகப் பிரித்துக் காட்டலாம்.

முதல் துண்டு 5 சதவீதம். 139.44 × 1.05 = 146.41. தாயின் வாடகை சரியாக அதுதான். இதில் 6.97 பவுண். போன நவம்பரில் கொடுத்த 142.56உம் சரி: 2024-25 ஃபார்முலா ரென்ட் 135.77, அதற்கு மேல் 5 சதவீதம்.

இரண்டாம் துண்டு 2023. முந்தைய செப்டெம்பரில் சி.பி.ஐ. 10.1 சதவீதம். விதிப்படி 11.1 ஏறியிருக்கவேண்டும். அரசாங்கம் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் ஏற்கெனவே குடியிருப்பவர்களின் வாடகை 7 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று தடுத்தது. ஆனால் ஃபார்முலா ரென்ட் 11.1 முழுவதும் ஏறியது. அன்று வீட்டில் இருந்தவருக்கு அந்த நிவாரணம் இன்றைக்கும் தொடர்கிறது. பிறகு வந்தவருக்கு அது கிடைக்கவில்லை. 1.07ஐ 1.111ஆல் வகுத்தால் 0.963, அதாவது கிட்டத்தட்ட 3.7 சதவீதக் குறைவு. பென்ஷன்காரருக்கு அது இன்றைய விலையில் 4.91 பவுண்.

மூன்றாம் துண்டு இன்னும் பழையது. 2002 முதல் கவுன்சில்கள் பழைய வாடகைகளை மெல்ல மெல்ல ஃபார்முலா ரென்டை நோக்கி ஏற்றிக்கொண்டிருந்தன. வழமையான உயர்வுக்கு மேல் கிழமைக்கு 2 பவுண் வரை கூட்டலாம் என்று இருந்தது. 2015 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். எட்டாதவர்கள் எட்டாத இடத்திலேயே நின்றுவிட்டார்கள். பின்னோக்கிப் போய்க் கணக்குப் பார்த்தால் 2014-15இல் இந்தப் பிளாட்டின் ஃபார்முலா ரென்ட் 106.51, பென்ஷன்காரர் கட்டியது 101.51. அன்றைய 5 பவுண் இடைவெளி இன்றைய விலையில் 6.55.

6.97 + 4.91 + 6.55 = 18.43. எங்கேயும் கூட்டல் பிழை இல்லை. இரண்டு வாடகையும் விதிக்குள்தான் இருக்கின்றன. வீடு காலியாகிப் புது ஆளுக்குப் போகும்போது ஃபார்முலா ரென்டுக்கும் அதன் மேல் 5 சதவீதத்துக்கும் தூக்கிவிட விதி இடம் கொடுக்கிறது. குடியிருப்பவரை அப்படித் தூக்கக்கூடாது. அயலவர் வாடகையைக் காட்டி வழக்குப் பேசுவதில் பயனில்லை.

பயன் உள்ள இடம் அந்த 5 சதவீதம்தான். 'புதிதாக விடப்படும் எல்லா வீடுகளுக்கும்' என்பது கொள்கை, காரணம் அல்ல. எந்த கவுன்சில் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள், அந்த அறிக்கையில் மக்களின் வசதியைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் நடக்கும் பட்ஜெட் கூட்டத்தின் ஹவுசிங் ரெவன்யூ எக்கவுண்ட் (கவுன்சிலின் வீட்டு வரவு செலவுக் கணக்கு) அறிக்கையில் அது இருக்கவேண்டும், இணையத்திலேயே கிடைக்கும். காரணம் எழுதியிராவிட்டால் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இவர்களுக்கு இல்லை என்றாலும், மற்றவர்களின் கடிதங்களில் நீங்கள் தேடவேண்டிய பிழைகள் சில. 5 சதவீதத்தை ஏற்கெனவே சேர்த்த வாடகைக்கு மேல் மறுபடி சேர்ப்பது. கணினி முறை மாற்றிய கவுன்சில்களில் இது வந்திருக்கிறதா என்று பாருங்கள்: வாடகையை ஃபார்முலா ரென்டால் வகுத்தால் 1.05ஐத் தாண்டக்கூடாது. இன்னொன்று, தாய் இறந்தபின் மகள் சட்டப்படி ரெனன்சிக்கு வாரிசானால் அதே ரெனன்சி தொடர்கிறது, வாடகையும் தொடரவேண்டும். அதைப் 'புது விடுகை' என்று பதிந்து ஏற்றிவிடுவார்கள். கவுன்சில் தன் விருப்பில் புதிதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் மட்டும் புது வாடகை சரி. வீடு மாற்றிக்கொள்ளும்போதும் இப்படித்தான்: ஒப்பந்தத்தை ஒருவருக்கொருவர் கைமாற்றினால் அந்தந்த வீட்டின் பழைய வாடகை கூடவே வரும். பழைய ஒப்பந்தத்தை ஒப்படைத்துப் புதியது எழுதினால் அப்படி இராது. கையெழுத்துப் போடும் முன் எந்த முறை என்று கேட்காமல் போனவர்கள் பிறகு மாற்ற முடியாமல் நிற்கிறார்கள்.


பனைநிழல்
2025 மார்ச் 22

எங்கட வீடு கவுன்சில் இல்லை, ஹவுசிங் அசோசியேஷன் (இலாபம் பாக்காத வீட்டு நிறுவனம்). இந்தக் கணக்கு எங்களுக்கும் பொருந்துமா? ஆரிட்டை முறையிடுறது எண்ட கேள்விக்கும் பதில் வரேல்லை.


நீலாம்பரி
2025 மார்ச் 22

பொருந்தும் தம்பி. ஃபார்முலா, சி.பி.ஐ.யோடு 1, 5 சதவீதம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. கவுன்சில்களையும் 2020 ஏப்ரலில் இருந்து அதே ரெகுலேட்டரின் (சமூக வீடுகளைக் கண்காணிக்கும் அமைப்பின்) வாடகை விதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 1989 ஜனவரி 15க்கு முன் தொடங்கிய ஹவுசிங் அசோசியேஷன் ரெனன்சி என்றால் மட்டும் 'ஃபெயர் ரென்ட்' என்று ரென்ட் ஒஃபிசர் என்ற அரசு அதிகாரி பதியும் வாடகை தனியாக இருக்கும். பதிந்தது அதிகபட்சம். அதுவும் ஃபார்முலாவும் வேறாக இருந்தால் குறைந்ததைத்தான் வாங்கவேண்டும்.

முறையிடும் வழியில்தான் இரண்டும் பிரிகின்றன. உங்கள் சேர்விஸ் சார்ஜ் ஆண்டுக்காண்டு உண்மைச் செலவுக்கு ஏற்ப மாறுகிறது என்றால், ஹவுசிங் அசோசியேஷன்காரரான நீங்கள் அது நியாயமா என்று சொத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கவுன்சிலில் சாதாரண வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கதவு இல்லை. 1985ஆம் ஆண்டு நில உடைமையாளர் குடியிருப்பாளர் சட்டத்தின் 26ஆம் பிரிவு அவர்களை வெளியே விட்டுவிட்டது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. ஒரே லிஃப்டுக்குக் காசு கட்டும் லீஸ்காரர் (நீண்டகாலக் குத்தகைக்கு வீட்டை வாங்கியவர்) கேள்வி கேட்கலாம், வாடகைக்காரர் கேட்க முடியாது.

கவுன்சில்காரருக்கு வழி இது. கவுன்சில் வாடகையைக் கூட்டுவதற்குக் குறைந்தது நான்கு கிழமை முன் எழுத்தில் அறிவிக்கவேண்டும். ஏப்ரல் 7 உயர்வுக்கு மார்ச் 10க்குள் கடிதம் கையில் இருக்கவேண்டும். பிந்தினால் உயர்வும் பிந்தவேண்டும். உறையில் உள்ள திகதியையும் எடுத்து வையுங்கள், கடிதத்தில் அச்சிட்ட திகதி வேறாக இருக்கும். எண்ணில் பிழை என்றால் 'முறைப்பாடு' என்ற சொல்லைப் போட்டு எழுதுங்கள். 'விசாரிக்கிறேன்' என்று எழுதினால் அது விசாரணைப் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடும். முதல் கட்டத்தில் ஐந்து வேலை நாளுக்குள் கிடைத்தது என்று சொல்லவேண்டும், அதிலிருந்து பத்து வேலை நாளுக்குள் பதில். இரண்டாம் கட்டத்துக்கு இருபது வேலை நாள். 2024 ஏப்ரலில் இருந்து இந்தக் காலக்கெடு சட்டப்படி கட்டாயம்.

அதன்பிறகு ஹவுசிங் ஒம்புட்ஸ்மன், வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி. வாடகை கூடிவிட்டது என்று அவரிடம் போகவேண்டாம், வாடகை அளவை அவர் பார்ப்பதில்லை. கேட்ட எண்ணைத் தரவில்லை, பிழையைச் சுட்டியும் திருத்தவில்லை, கெடு தாண்டியது என்று போங்கள். ஃபார்முலாவையே பலருக்குப் பிழையாகப் போட்டிருந்தால் ரெகுலேட்டருக்கும் எழுதுங்கள். அவர்கள் தனி ஆளின் காசை மீட்டுத் தரமாட்டார்கள், ஆனால் கவுன்சிலை முழுக் கணக்கையும் திறக்கவைக்க அவர்களால் முடியும்.

பிழை நிரூபணமாகிப் பணம் திரும்பி வந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் ஹவுசிங் பெனிபிட் (கவுன்சில் கொடுக்கும் வாடகை உதவி) அல்லது யூனிவர்சல் கிரெடிட் வாடகை கட்டியிருந்தால் அந்தப் பங்கைத் திருப்பிக் கேட்கலாம். ஜேர்னலில் அறிவித்துவிட்டுப் பதில் வரும்வரை அந்தக் காசைத் தொடாமல் வைத்திருங்கள்.


ஏட்டுக்கணக்கு
2025 அக்டோபர் 23

இந்த இழையை இப்போதும் பலர் பார்ப்பதால் புதிய எண்களைப் போட்டுவிடுகிறேன். செப்டெம்பர் சி.பி.ஐ. நேற்று வந்துவிட்டது, 3.8 சதவீதம். 2026 ஏப்ரல் உயர்வுக்கு உச்சம் 4.8. அந்தத் தாயின் வாடகை 153.44, பென்ஷன்காரருடையது 134.12 வரை போகலாம். இரண்டுக்கும் ஒரே சதவீதம் ஏறுவதால் பவுண் இடைவெளி 19.32ஆக விரிகிறது.

ஜூன் மாதச் செலவுத் திட்டத்தில், 2026 ஏப்ரல் முதல் பத்து ஆண்டுக்கு சி.பி.ஐ.யோடு 1 என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில், 2015இல் நிறுத்திய ஏற்றத்தைத் திரும்பக் கொண்டுவருவதா, கிழமைக்கு ஒரு பவுணா இரண்டு பவுணா என்று கருத்துக் கேட்டார்கள். இது ஃபார்முலா ரென்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும். தாய் ஏற்கெனவே 5 சதவீதம் மேலே நிற்பதால் அவரைத் தொடாது. பென்ஷன்காரர் ஃபார்முலாவுக்கு 12 பவுண் கீழே இருப்பார். ஒவ்வொரு ஆண்டும் கிழமை வாடகையில் இரண்டு பவுண் கூடக் கூட்டினால் ஏறத்தாழ ஏழு ஆண்டில் அந்த இடைவெளி மூடும். ஒரு பவுண் என்றால் பத்து ஆண்டிலும் மூடாது.

உங்கள் மேசைக்கு வரும் பழைய குடியிருப்பாளர்களிடம் ஃபார்முலா ரென்ட் எண்ணை இப்போதே எழுதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஏற்றம் தொடங்கியபின் அந்த எண் கையில் இல்லாமல் எங்கே நிறுத்தவேண்டும் என்று அவர்களால் கவுன்சிலிடம் சொல்ல முடியாது. ஹவுசிங் பெனிபிட் பெறும் பென்ஷன்காரர்களுக்குக் கவுன்சிலே புதிய வாடகையைத் தன் கணக்கில் மாற்றிக்கொள்ளும். ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் இருப்பவர்கள் மட்டும் உயர்வுக் கடிதத்தின் பிரதியைக் கவுன்சில் பெனிபிட் பிரிவுக்குத் தாங்களே அனுப்பி, கிடைத்ததற்கு ரசீதும் வாங்கவேண்டும்.